பாம்பன் பிரவுசிங் சென்டரும் இரட்டைப் பதிவும்

ராமநாதபுரத்தில் ஒரு சிறிய இன்டர்நெட் கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் லாகின் செய்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை டேட்டாபேஸில் பதிவது ரேடியஸ் சர்வரின் வேலை. அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை.

ஒரு வியாழக்கிழமை, பாம்பனில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நைனா காக்கா நேரில் வந்து நின்றார். அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். அன்று காலைதான் எங்கள் மேனேஜர் அவருடைய இணைப்பை வெட்டியிருந்தார்.

"ஒரே நேரத்துல உங்க பேர்ல ரெண்டு பதிவு இருக்கு. பாஸ்வேர்டை வெளிய வித்திருக்கீங்க," என்றார் மேனேஜர்.

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன் சார், நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. நாளைக்கு வெள்ளிக்கிழமை. துபாய்ல இருக்குற மாப்பிள்ளைககிட்டப் பேசப் பொம்பளைக வந்துருவாக. கடை பூட்டிக் கெடந்தா என்னைக் களவாணின்னுல்ல பேசுவாக!"

அவர் கண் கலங்கியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேனேஜரோ, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்.

டேட்டாபேஸைத் திறந்தேன். ஒவ்வொரு லாகினுக்கும் தனியாக ஒரு செஷன் எண் உண்டு. இரண்டு பதிவிலும் அதே எண். இரண்டு பேர் நுழைந்திருந்தால் எண் வேறாக இருக்கும். மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு எங்கள் வயர்லெஸ் லிங்க் கடலைத் தாண்டிப் போகிறது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் டிஷ் ஆடும், சிக்னல் விட்டுவிட்டு வரும். பாம்பனில் லாகினைக் கவனிக்கும் எங்கள் பெட்டி, 'இவர் லாக்-அவுட் செய்தார்' என்று அனுப்பும். சர்வர் பதிந்துவிட்டு, 'கிடைத்தது' என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் பெட்டி அதையே மறுபடி அனுப்பும். எங்கள் சர்வரும் மறுபடி பதிந்துவிடும். இதை மேனேஜரிடம் சொன்னேன்.

"கதை விடாதீங்கம்மா," என்றார் மேனேஜர்.

"சரி சார், உங்க ஐடியில லாகின் பண்ணுங்க."

செய்தார். சர்வரின் பதிலை மட்டும் சற்று நேரம் தடுத்து வைத்துவிட்டு, லாக்-அவுட் செய்யச் சொன்னேன். திரையில் அவர் பெயரில் இரண்டு பதிவு வந்து விழுந்தது.

"நீங்க யாருக்கு சார் பாஸ்வேர்டை வித்தீங்க?"

முதலில் சிரித்தது நைனா காக்காதான்.

இணைப்பு உடனே திரும்பியது. பழைய இரட்டைப் பதிவுகளை அழித்தேன். பயனர் பெயர், பெட்டியின் முகவரி, செஷன் எண் மூன்றையும் சேர்த்து, ஒரே பதிவு இரண்டு முறை ஏறாதபடி யுனிக் கீ போட்டேன். அதே பதிவு மறுபடி வந்தால் எழுதாமல் பதில் மட்டும் அனுப்பும்படி சர்வரை மாற்றினேன். மறுநாள் கச்சான் பேயாய் அடித்தது. பெட்டி திரும்பத் திரும்ப அனுப்பியும் டேட்டாபேஸில் ஒற்றைப் பதிவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

மேனேஜர் பாம்பனுக்குப் போன் போட்டு, "தப்பா நெனச்சுட்டேன் காக்கா," என்றார்.

"கொஞ்சம் இருங்க சார், ஸ்பீக்கர்ல போடுறேன். லைனை வெட்டுனது இங்கன எல்லாருக்கும் தெரியும். அவுகளும் கேக்கட்டும்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சத்தமாகச் சொன்னார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே பதிவு இரண்டு முறை விழுந்தால் முதலில் சர்வரைச் சந்தேகப்படுங்கள். சர்வருக்கு மானம் போகாது.