கரடி கடித்த கையில் கதாயுதம்

வவுனியாவில் பார்த்த படமொன்றில் அரக்கன் தூக்கி வந்த கதாயுதத்தைப்போல் ஒன்றை எங்கள் கோயில் நாடகத்துக்கு நானே செய்தேன். காடு பக்கத்தில் இருக்கும் திமிரில் பாலை மரத்தில் செதுக்கினேன். பாலை இரும்பு மாதிரிக் கனக்கும். அரக்கன் வேஷம் என் தம்பிக்கு. கரடி கடித்ததில் அவனுடைய வலது கை ஒடுங்கிப் போயிருந்தது. அந்தக் கையால்தான் தூக்குவேன் என்று நின்றான்.

ஒத்திகையில், அரக்கனோடு சண்டையிடும் ராசாவாக நடித்தவன் சிரித்தான்.

"வேஷத்தை வேற ஆளுக்குக் குடுங்கோ. அரக்கன் பிள்ளைத்தாச்சி மாதிரியெல்லோ மூச்சு வாங்குறான்!"

எனக்குக் கொதித்தது. வீட்டுக்கு வந்து உளியால் மரத்தின் உள்ளே குடைந்தேன். பாரம் குறையுமுன் மரம் பிளந்து போனது.

குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கிய காய்ந்த சுரைக்குடுவையில் விதைப் பயறு இருந்தது. மனைவி அதைச் சுளகில் கொட்டிவிட்டுக் குடுவையை நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, மரத்தோட மல்லுக்கட்டினது காணும். இதில தடியைச் செருகிக் கரி பூசுங்கோ."

செய்தேன். ஒரு விரலால் தூக்கலாம்.

நாடகத்தன்று தம்பி அதை அந்தக் கையால் பிடித்தான். உடனே தூக்கவில்லை. காலை அகட்டி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க மெல்ல மெல்ல உயர்த்தினான். முன்னால் இருந்த சனம் பின்னால் நகர்ந்தது. ராசா உண்மையாகவே பயந்து விலகினான். உள்ளே வெறும் காற்று என்று தெரிந்த நானே, "டேய், கவனமடா!" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவு பாரத்தை அவன் எங்கிருந்து கொண்டுவந்தான் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.