இரண்டு அனுமதிகளும் ஒரு பேர்ப்பதிவும்

மெல்பேர்னில் நான் எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரியில், மணிக்கட்டு முறிந்து வருகிறவரிடம் டொக்டர் கேட்கிறார்: "பிளாஸ்டர் போடலாம், சத்திரசிகிச்சையும் செய்யலாம். உங்களுக்கு எது விருப்பம்?" இங்கே வந்து ஆறு வருடமாகியும் இந்தக் கேள்வி எனக்குப் பழகவில்லை. நோயாளியோ கொஞ்சமும் கூச்சமில்லாமல், "யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்கிறார்.

இலங்கையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மழைநாளில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து அம்மா மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. பதுளை ஆஸ்பத்திரியில் அவரிடம் யாராவது விருப்பம் கேட்டிருந்தால் பயந்துபோயிருப்பார். திரும்பும் வழியில் அந்த எக்ஸ்ரே படத்தை பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள். "ஆள்க மேல இடிக்காத, உள்ள வையி" என்றார் அம்மா. எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணராகும் ஆசை அந்த பஸ்ஸில்தான் வந்தது.

ஊரில் எந்தப் படிப்பு என்பதை உயர்தரப் பரீட்சையின் இசட் ஸ்கோரே சொல்லிவிடும். வெட்டுப்புள்ளிக்கு நூலிழை குறைந்ததால் எனக்கு மருத்துவம் போய் எக்ஸ்ரே படிப்பு வந்தது. கடிதம் சொன்ன இடத்துக்குப் போனேன். இங்கே, பட்டதாரிகளைச் சேர்க்கும் மருத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தபோது ஒரே வாரத்தில் இரண்டு அனுமதிகள் வந்தன. அம்மா ஹாலிஎல சந்தைவரை செய்தி பரப்பிவிட்டார்: "எங்க புள்ள ரெண்டு டொக்டருக்கு பாஸ் பண்ணிட்டா!"

ஒன்று நகரத்துப் பள்ளி. பெரிய ஆஸ்பத்திரி, ஆய்வு, பெயர்பெற்ற நிபுணர்கள். போட்டி அதிகமான எலும்புத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது இவையெல்லாம் கைகொடுக்கும். மற்றது கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிறுநகரம். வகுப்பு சின்னது, சத்திரசிகிச்சை அறைக்குள் சீக்கிரமே விடுவார்கள். அங்கே எலும்பு நிபுணர் மாதத்துக்கு ஒருமுறைதான் வந்துபோகிறார். ஆனால் அந்த இடத்தை ஏற்றால் ஒப்பந்தம் எழுத வேண்டும்: படித்து முடித்ததும் சில வருடங்கள் நாட்டுப்புறத்தில் வேலை. நிபுணர் பயிற்சி தள்ளிப்போகலாம்.

வழக்கம்போல் அட்டவணை போட்டேன். பதினொரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று. கூட்டிப் பார்த்தால் சிறுநகரம் மூன்று புள்ளி முன்னால். உடன் வேலை செய்யும் கிரேஸ் எட்டிப் பார்த்து, "உன் மனம் என்ன சொல்கிறது?" என்றாள். "அதற்கு இன்னும் புள்ளி போடவில்லை" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் பன்னிரண்டாவது வரிசைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று போனில் அம்மாவுக்கு ஒப்பந்தத்தை விளக்கினேன்.

"அப்ப பேரு பதியணும்" என்றார் உடனே.

எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா, அந்த ஓர் அறை வீடு, நம்மிடம் இருக்கும். அப்பா போனபின் அம்மா பதிந்தார். நான் பேர் பதியாமல் படிக்க முடிந்தது அதனால்தான்.

"அது வேறம்மா. கொஞ்ச வருசந்தான். முடியிற தேதி போட்டிருக்கு."

"நானும் ரெண்டு வருசம்னுதான் பதிஞ்சேன். இந்தா, பேரப்புள்ள தூக்குற வயசாச்சு. ஒன்னாவது தூக்கக் குடுத்தியா நீ?"

இரண்டும் ஒன்றல்ல என்று ஆறு காரணம் எழுதித் தர என்னால் முடியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடியும் கெடுவுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் நகரத்துப் பள்ளிக்குச் சம்மதம் அனுப்பினேன். எலும்புத் துறை எனக்குக் கிடைக்காமலே போகலாம். அந்தச் சிறுநகருக்கு நான் உதவியிருக்கலாம். இருந்தும், எங்கள் வீட்டில் ஒருத்தியாவது எங்கும் பேர் பதியாமல் இருந்து பார்க்கட்டும் என்று தோன்றியது. அதை எந்த வரிசையில் போடுவதென்று தெரியவில்லை.

உடனே அம்மாவை அழைத்தேன். "இனி நீங்களும் பேர வெட்டிட்டு இங்க வந்துருங்கம்மா."

"வெட்டுனா காம்பராவக் கேப்பாங்க. அப்பறம் லீவுக்கு வந்தா எங்க தங்குவ? அப்புத்தளையில ரூம் போடுவியா, வெள்ளக்காரி மாதிரி?" அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சிரித்துக்கொண்டே, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி கத்துவார் என்று போனை வைத்தார்.

சற்று நேரத்தில் பள்ளியிலிருந்து பதிவுப் படிவம் வந்தது. நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், தோட்டம், பதுளை என்று எழுதினேன். அந்த முகவரி எனக்கு இருப்பதற்காக, அந்நேரம் அம்மா பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்.