ஒன்பதை நம்பிய புஷ்பம்

பரிசத் தட்டு

"ஒன்பது பகா எண்தான் சார், அழிக்காதீங்க" என்று புஷ்பம் கரும்பலகையை மறித்துக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள் என்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: நாம் வாயைத் திறப்பதற்குள் அவர்களிடம் ஒரு விடை இருக்கும். எழுபதுகளின் கடைசி. ஈப்போ நகரத்தில் ஒரு கடையின் மாடியில் எங்கள் மாலை வகுப்பு. புஷ்பத்துக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவின் மருத்துவமனையில் துப்புரவு வேலை. பள்ளியின் மூன்றாம் படிவக் கணக்குத் தேர்வில் தேறினால் தாதிப் பயிற்சிக்குப் போகலாம். இரண்டு முறை தவறிவிட்டாள். வயது வரம்பு நெருங்குகிறது. இதுதான் கடைசி வாய்ப்பு.

பரிசத்துக்குத் தட்டுகளை ஒற்றைப்படையில் வைப்பதே ஜோடி பிரிந்துவிடக் கூடாது என்றுதான், ஒன்பது எப்படி வகுபடும் என்பது அவள் வாதம். நான் ஒன்பது வட்டங்களை மும்மூன்றாக வரைந்து காட்டினேன். வட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள்.

"என் பரிசத்துக்கும் ஒன்பதுதான் சார் வந்துச்சு. அதான் அந்த ஆளு ஓடிட்டானா?"

நாலு வீடு

குனோங் ராபாட்டிலிருந்து வரும் லாரி டிரைவர் மணியம் எண்ணை எட்ட நின்று பார்த்தே சொல்லிவிடுவான். தொண்ணூற்றொன்று பகா எண் என்றான், எங்கள் ஊர் 'லா'வைப் பேச்சின் கடைசியில் ஒட்டி. "அதோட மூஞ்சியப் பாருங்க சார், யாரோடயும் சேராத மூஞ்சிலா."

நூற்றுக்குள் இருக்கும் எண்ணை 2, 3, 5, 7 நான்காலும் வகுத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம் என்றேன். 2 போகவில்லை. 3, 5 போகவில்லை. 7 மீதியில்லாமல் பதின்மூன்று முறை போனது. மணியம் தலையைச் சொறிந்தான். புஷ்பம் விடவில்லை.

"மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரிதான் தம்பி. மூணு வீட்ல நல்லவன்னுதான் சொல்வாங்க. நாலாவது வீட்லயும் கேக்கணும்."

தலைகீழ் மரம்

அறுபதைத் தலைகீழ் மரமாக வரைந்து பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொன்னேன். மணியம் ஆறு, பத்து என்று கிளை விட்டான். புஷ்பம் நான்கு, பதினைந்து என்றாள். நீ தப்பு, நீ தப்பு என்று ஒரே சத்தம். கடைசியில் இரண்டு மரங்களின் அடியிலும் 2, 2, 3, 5. மணியம் ரப்பர் தோட்டத்தில் பால்மரத்துப் பட்டையை வெட்டிப் பாலெடுத்துவிட்டு லாரிக்கு வந்தவன்.

"எந்தப் பக்கம் வெட்டுனாலும் அதே பாலுதான்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்?"

எண்பத்தேழு

தேர்வு எழுதிய அன்று மாலையே புஷ்பம் வந்தாள். எண்பத்தேழு பகா எண்ணா என்று கேட்டிருந்தார்களாம். அதற்கும் யாரோடும் சேராத மூஞ்சிதான். என்ன எழுதினாய் என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"ரெண்டாவது வீட்லயே மாட்டிக்கிட்டான் சார்!"

முடிவு வந்தபோது தேறியிருந்தாள். பயிற்சிக்குக் கிளம்பும் முன் லட்டு கொண்டுவந்தாள். "இனிமே அக்கா இல்ல, மிஸிலா!" என்று மணியம் தாதிகளை 'மிஸி' என்று அழைப்பதுபோல அழைத்துக் கும்பிட, வகுப்பே சிரித்தது.

நான் கற்பித்ததில் தேர்வுக்கு வேண்டியதை அவள் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள், மிச்சத்தைத் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தட்டில் ஒன்பது லட்டு அடுக்கியவள், ஒரு கணம் பார்த்தாள். பையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து வைத்துப் பதினொன்றாக்கினாள்.