பதினொன்றுக்கு ஒன்பது

லோர்னா ஹாகன் முப்பத்தோரு வருடம் தானியக் கிடங்கில் எடை போட்டவள். வடக்கு டகோட்டாவில் கோதுமை ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றதும் ஒரு எடை. கொட்டிவிட்டுத் திரும்பி வந்து நின்றதும் வெறும் லாரியின் எடை. முன்னதில் பின்னதைக் கழித்தால் கோதுமை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்த ஒரு கணக்கு போதுமானதாக இருந்தது. எதையும் விடாமல் ஒழுங்காக எடை போட்டால் சரியான எண் தானாக வந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. தம்பி ஆர்லன் விஷயத்திலும் அந்த நம்பிக்கையில்தான் கை வைத்தாள்.

இருவரும் இப்போது அரிசோனாவில், மெஸ்கீட் வெல்ஸ் என்ற ஓய்வுபெற்றவர்கள் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். அவளுக்கு எழுபத்தாறு, அவனுக்கு எழுபத்தொன்று. அவனுடைய ஒரே பழக்கம் பிக்கிள்பால்: டென்னிஸை விடச் சின்னக் களத்தில், வலைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு பேராக நின்று, பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடித்து, பதினொரு புள்ளிக்கு ஆடுவது. தினமும் காலை எட்டு மணிக்கு ஆடுவான். லோர்னா ஆட மாட்டாள், முழங்கால் இடம் கொடுக்காது. வேலியோரத்து பெஞ்சில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து, அவன் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் நோட்டில் எழுதுவாள். தேதி, யாரோடு ஆடினான், யாரை எதிர்த்து, எத்தனைக்கு எத்தனை. ஆறு குளிர்காலத்துக்கு ஆறு நோட்டுகள்.

ஆர்லன் வடக்கு டகோட்டாவில் முப்பத்து நான்கு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். பனி கொட்டும் காலையிலும் தூரத்துப் பண்ணைவீட்டு வாசலில் விளக்கு எரிந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். குழந்தை ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வரும். தாமதமாக வந்த பேருந்துகளின் பட்டியலை மாவட்ட அலுவலகம் வருடா வருடம் சுவரில் ஒட்டும். முதல் பெயர் அவனுடையதாகவே இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் லோர்னாவுக்குக் காது சிவக்கும். அவனோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாவியை எடுக்கப் போய்விடுவான்.

களத்திலும் அப்படித்தான். அவனுடைய கூட்டாளி மைலோ டூசெக், நெப்ராஸ்காவில் பல் மருத்துவராக இருந்தவர், பெஞ்சைப் பார்த்துக் கத்துவார்:

"உன் தம்பி பஸ் ஓட்டற மாதிரியே ஆடறான் லோர்னா! எல்லாரும் ஏறி உக்காந்தாதான் வண்டிய கிளப்புவான்!"

"கிளப்பினா யாராவது நிக்கறீங்களா எதிர்ல?" என்று லோர்னா திருப்பிக் கொடுப்பாள்.

உண்மைதான். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தை மெத்தென்று அந்தப் பக்கம் இறக்குவதில் ஆர்லனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. மைலோவின் வேகமும் அவனுடைய பொறுமையும் சேர்ந்து, பக்கத்துக் குடியிருப்போடு பிப்ரவரியில் நடக்கும் போட்டியில் போன வருடம் அவர்களைக் கடைசி ஆட்டம் வரை கொண்டுபோனது. இரண்டு புள்ளியில் தோற்றார்கள். இந்த வருடம் பழி தீர்ப்பது என்று மைலோ புது மட்டையே வாங்கியிருந்தார்.

டிசம்பரில் சங்கக் கூட்டம் நடந்தது. புதிதாக வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள், எட்டு மணிக்கு இடமே கிடைப்பதில்லை என்று பேச்சு வந்தது. ஜனவரி முதல் எட்டு மணி ஆட்டம், கைபேசிச் செயலி ஒவ்வொருவருக்கும் போடும் திறன் எண் மூன்றரையும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்குப் பத்து மணி என்று முடிவானது. பிப்ரவரிப் போட்டிக்கும் அதே மூன்றரை. மாதக் கடைசியில் இருக்கும் எண்தான் செல்லும். அந்த எண்ணுக்காகப் போட்டிகளுக்குப் போக வேண்டியதில்லை. அன்றாடம் பொழுதுபோக்காக ஆடும் ஆட்டங்களின் புள்ளிகளைச் செயலியில் ஏற்றி, ஆடிய நால்வரும் 'சரி' என்று அமுக்கினால் அதுவே கணக்குப் போட்டுத் தந்துவிடும். கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவர் மைலோ. அன்றைக்கு ஆர்லனின் எண் மூன்று புள்ளி ஐம்பத்து மூன்று. அவனும் தூக்கினான்.

ஐம்பத்து மூன்று லோர்னாவுக்குப் போதவில்லை. இந்த எண், அவனுடைய ஆட்டங்களில் பாதியைக்கூடப் பார்க்காமல் போட்டது. எட்டு மணி முடிந்து நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் காப்பிக்குப் போன பிறகும் ஆர்லன் மட்டும் தங்குவான். செவ்வாய், வியாழனில் பத்து மணிக்கு வரும் புதியவர்களோடு ஆடுவான். அந்த ஆட்டங்களை யாருமே ஏற்றவில்லை. லோர்னாவின் இந்தக் குளிர்காலத்து நோட்டில் நாற்பத்தாறு இருந்தன. நாற்பத்தொன்றில் அவன் வென்றிருந்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்பத்தாறையும் ஒன்றுவிடாமல் ஏற்றினாள். புதியவர்கள் தங்கள் பெயரும் செயலியில் வந்துவிட்ட மகிழ்ச்சியில் 'சரி, சரி' என்று உடனே அமுக்கினார்கள்.

புத்தாண்டு காலையில் எண் மூன்று புள்ளி நாற்பத்தாறு.

ஏதோ தவறு என்றுதான் லோர்னா நினைத்தாள். நோட்டை மார்போடு அணைத்தபடி, சங்கத்தில் இந்த எண்களைக் கவனிக்கும் வெண்டல் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் கோல்ஃப் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தாறு ஆட்டத்துல நாப்பத்தொண்ணு ஜெயிச்சிருக்கான். எப்படிங்க எறங்கும்?"

வெண்டல் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தொங்கிப்போனது.

"பதினொண்ணுக்கு ஒன்பது. பதினொண்ணுக்கு எட்டு. பதினொண்ணுக்கு ஒன்பது... லோர்னா, எதிர்ல ஆடினவங்க எல்லாம் ரெண்டரை. உன் தம்பி மூணரை. பதினொண்ணுக்கு மூணுன்னு ஜெயிக்கணும்னு அது எதிர்பார்க்குது. ஒன்பது குடுத்தா, அதோட கணக்குல தோத்த மாதிரிதான்."

"அவன் குடுக்கறான்ங்க. அவங்களும் ஆடணும்னு வேணும்னே குடுக்கறான்."

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே."

"அப்ப எடுத்துடுங்க. அந்த நாப்பத்தாறையும் எடுத்துடுங்க. நான்தானே போட்டேன்?"

"நாலு பேரும் சரின்னு அமுக்கியாச்சு. இனிமே நானும் எடுக்க முடியாது, நீயும் எடுக்க முடியாது."

லோர்னா நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். லாரியோடு சேர்த்து எடை போட்டுவிட்டு லாரியைக் கழிக்காமல் சீட்டு எழுதியிருக்கிறார்கள் என்று பட்டது. சீட்டை எழுதியதே தான்தான் என்பது அதற்கடுத்து உறைத்தது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு சீட்டுகூடத் திரும்பி வந்ததில்லை அவளுக்கு.

மறுநாள் எட்டு மணி மட்டைத் தாங்கியில் மூன்றரை என்று பலகை தொங்கியது. மட்டையைத் தாங்கியில் வரிசையாகச் செருக வேண்டும், முன்னால் இருக்கும் நான்கு மட்டைக்காரர்கள் களத்துக்குள் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆர்லன் மட்டையைச் செருகப் போனவன், பலகையைப் படித்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து இரவு விழுந்த இலைகளைக் களத்திலிருந்து கூட்டிவிட்டு வெளியே வந்தான். லோர்னா எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

"எல்லாம் நடந்த ஆட்டந்தானே?" என்றான்.

"ஆமா."

"அப்ப நீ தப்பா ஒண்ணும் எழுதலையே அக்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எண் ஏற வேண்டுமென்றால் எட்டு மணிக்காரர்களோடு ஆட வேண்டும். அவர்களோடு ஆட வேண்டுமென்றால் எண் ஏறியிருக்க வேண்டும். மிஞ்சியது பத்து மணி மட்டும்தான். அதில் இரக்கம் பார்க்காமல் அடித்து, இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் எதிராளிக்குக் கொடுக்காமல் வென்றால், மாதம் முடிவதற்குள் மூன்றரையைத் தொட்டுவிடலாம் என்று வெண்டல் சொல்லியிருந்தார்.

"எனக்காக அடிடா," என்றாள் லோர்னா. "ஒரு மாசந்தானே. பிப்ரவரிக்கப்புறம் நீ என்ன வேணா பண்ணு. மைலோவ நெனச்சுப் பாரு."

அவன் தலையசைத்தான்.

அடித்தான். முதல் செவ்வாய்க்கிழமை பதினொன்றுக்கு ஒன்று, பதினொன்றுக்கு இரண்டு. பந்து எதிராளியின் காலடியில் போய் விழுந்தது, அவர்கள் குனிவதற்குள் தாண்டிப் போனது. முன்பெல்லாம் சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும் களத்தில் பந்தின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு அம்மாள் துணி துவைக்கப் போட்டது நினைவுக்கு வந்துவிட்டது என்று மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஆர்லன் வேர்த்துப்போய் பெஞ்சுக்கு வந்து தண்ணீர் குடித்தான். லோர்னா புள்ளிகளை எழுதினாள். மூன்று புள்ளி நாற்பத்தேழு. அடுத்த வாரம் நாற்பத்தெட்டு. அதற்கடுத்து நாற்பத்தொன்பது. பத்து மணிக்கு வருகிறவர்கள் பன்னிரண்டிலிருந்து ஏழாகக் குறைந்தார்கள்.

இதற்கிடையில் மைலோ எட்டு மணிக்கு வேறொருவரோடு ஆடிப் பழகிக்கொண்டிருந்தார். "சும்மா கை ஓயாம இருக்கத்தான்," என்று லோர்னாவிடம் சொன்னார். "அவன் வந்துடுவான்ல? வந்தான்னா இந்த ஆளுக்கு டாட்டா."

ஜனவரியின் கடைசி வியாழக்கிழமை. ஓர் ஆட்டம் போதும், எதிராளி நான்கைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் என்று வெண்டல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். லோர்னா பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்து பெர்னீஸ் வந்திருந்தாள். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து வாரம் கழித்து முதல் முறை. எழுபத்து நான்கு வயது, கத்தரிப்பூ நிறத் தொப்பி. முன்பு அவளுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்ததே ஆர்லன்தான். அவள் எதிர்ப்பக்கம் போய் நின்று, "ஆர்லன், நீ ரொம்ப மெரட்டறேன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்," என்றான் அவன்.

"சரி, மெரட்டு பாக்கலாம். புது இடுப்பு, உத்தரவாதம் இருக்கு."

லோர்னாவும் சிரித்துவிட்டாள்.

ஆட்டம் வேகமாகப் போனது. நான்குக்கு ஒன்று. ஏழுக்கு இரண்டு. பத்துக்கு மூன்று. பெர்னீஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாலும் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் இடுப்பில் கை வைத்து நின்றாள். இன்னும் ஒரே புள்ளி. ஆர்லன் பந்தைப் போட்டான். அவள் தட்டுத்தடுமாறித் திருப்பியது வலைக்கு மேலே, அவன் முகத்துக்கு நேராக, பலூன் போல மெதுவாக எழும்பி வந்தது. எதிரே பாதிக் களம் காலி. பெர்னீஸ் அடி வாங்கப் போகிறவள் போல மட்டையை மார்புக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்கினாள்.

அடி, என்று லோர்னா மனதுக்குள் கத்தினாள். அடிடா, அடி.

ஆர்லன் மட்டையைத் தூக்கினான். தூக்கியவன், பந்து இறங்கும்வரை காத்திருந்தான். பிறகு அவள் வலது கைக்கு எட்டுகிற உயரத்தில் மெத்தென்று வைத்தான்.

அவள் கண்ணைத் திறந்து அடித்தாள். அவன் திருப்பினான். மறுபடி அடித்தாள். பதினான்கோ பதினைந்தோ தடவை பந்து போய் வந்து, கடைசியில் ஆர்லனின் ஜோடி வலையில் அடித்தார். சர்வ் எதிர்ப்பக்கம் போனது; சர்வ் போடும் பக்கத்துக்குத்தான் புள்ளி. லோர்னா எழுதினாள். நான்கு. ஐந்து. ஐந்தைத் தாண்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பென்சிலை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தாள். சொல்ல என்ன இருக்கிறது? ஆறு, ஏழு, எட்டு. பக்கத்துக் களத்தில் ஆடியவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாவது புள்ளி பெர்னீஸே அடித்தது. கோட்டில் விழுந்தது. ஆர்லன்தான் "உள்ளே!" என்று உரக்கச் சொன்னான்.

அதற்கடுத்து அவள் ஒரு பந்தை வெளியே அடித்தாள், ஒன்றை வலையில் அடித்தாள், ஆட்டம் முடிந்தது. நான்கு மட்டைகளும் வலைக்கு மேலே தட்டிக்கொண்டன. பெர்னீஸ் நேராக பெஞ்சுக்கு வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஒன்பது லோர்னா! வாழ்க்கையில நாலத் தாண்டினதில்ல நான். எழுதிட்டியா? பெருசா எழுது. ஏத்து, ஏத்து, என் பொண்ணு பாக்கணும்."

லோர்னாவின் விரல் செயலியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பதினொன்று என்றும் ஒன்பது என்றும் போட்டாள். முதல் 'சரி' பெர்னீஸுடையது.

மூன்று புள்ளி நாற்பத்தாறு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மைலோ வேலியருகே வந்தார். முகத்தைப் பார்க்காமல் மட்டையின் பிடியைச் சுற்றிச் சுற்றித் திருகினார்.

"என்ன பண்றது லோர்னா. கை தூக்கினவனே நான்தான்."

"அவனுந்தான் தூக்கினான்," என்றாள் அவள்.

உள்ளே யாரோ மைலோவைக் கூப்பிட்டார்கள். போனார். ஆர்லன் அன்றைக்கும் களத்தைக் கூட்டி முடித்திருந்தான். துடைப்பத்தை வேலியில் சாய்த்துவிட்டு, எட்டு மணித் தாங்கியைத் தாண்டி நடந்து, அந்தக் கோடியில் இருந்த பத்து மணித் தாங்கியில் தன் மட்டையை முதலாவதாகச் செருகினான். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பத்து மணின்னா வெயில் நல்லா இருக்கும்," என்றான்.

வெயில் ஒத்துக்கொள்ளாதவன் அவன். வந்த முதல் வருடம் களத்திலேயே மயங்கி விழுந்து, எட்டு மணி ஆட்டத்தோடு நிறுத்திக்கொள் என்று மருத்துவர் சொன்னது அவளுடைய முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது. அதற்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அவன் பத்து மணிக்கு நின்றான் என்பதை அவள் நாற்பத்தாறு தடவை எழுதியிருக்கிறாள்.

"ஆமா, நல்லா இருக்கும்," என்றாள் லோர்னா. அவனுடைய தொப்பியை வாங்கித் தண்ணீரில் நனைக்கக் குழாயடிக்குப் போனாள்.