எங்கள் மெத்தையும் அவர்கள் மெத்தையும்

அவளுக்கு அகராதி என்று பெயர் வைத்தது அவளுடைய மாமியார். கல்யாணமாகி வீட்டுக்குள் வந்த முதல் நாள், "நீ எனக்கு மருமக இல்லம்மா, மக மாதிரி" என்று அந்த அம்மாள் மனம் நெகிழ்ந்து சொன்னார். இந்த இடத்தில் மருமகள்கள் தலையைக் குனிந்து சிரிப்பதுதான் வழக்கம். இவள் நிமிர்ந்து பார்த்து, "மாதிரின்னா எப்படி அத்தை? மகளேதானா, இல்ல பார்க்க மகளாட்டம் இருக்கிற வேற யாரோவா?" என்று கேட்டாள். கேலி எல்லாம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அகராதி புடிச்சவளா வந்து வாய்ச்சிருக்கா" என்று மாமியார் மகனிடம் முறையிட்டார். மகன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் களைத்துப்போகிறவர் என்பதால் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. அன்றும் திறக்கவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் மெத்தைக் கம்பெனியில் அவள் அலுவலக வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பொருத்தமாகவும் இருந்தது. அவள் மேஜையில் தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதி இருக்கும். வெளியூருக்குப் போகிற ஆங்கிலத் தபால் எல்லாம் அவள் அடித்ததுதான். நான் உறை தைக்கிற பகுதியில் இருந்தேன். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும் என்பதால், அங்கே நடந்தது எதுவும் எங்களுக்குத் தப்பியதில்லை.

ஒரு நாள் கடல் தாண்டி ஒரு வியாபாரி மெத்தை பார்க்க வந்தார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை என்பதால் அவர் எங்களுக்குக் கோட்டுக்காரர். எதிர்த்தெருவில் எங்களுக்குப் போட்டியாக இன்னொரு மெத்தைக் கம்பெனி உண்டு. அங்கே பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார். வந்தவர் மெத்தையைத் தடவிப் பார்க்கவில்லை, படுத்தும் பார்க்கவில்லை. ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி அதன்மேல் ஏறி, மல்லாக்க விழுந்தார். எழுந்தார். மறுபடி ஏறி, பக்கவாட்டில் விழுந்தார். பணக்காரர்கள் இப்படித்தான் படுப்பார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கிளம்பும்போது முதலாளியின் கையைக் குலுக்கி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். "உங்கள் மெத்தையை அவர்களுடையதோடு நான் ஈக்வேட் பண்ணவில்லை" என்பது அதன் சாரம். முதலாளிக்கு எல்லா வார்த்தையும் புரிந்தது, அந்த ஒன்றைத் தவிர. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளாமல், "தேங்க் யூ சார், சேம் டு யூ" என்று சொல்லிவிட்டார். கார் தெரு முனை திரும்பியதும் அகராதியைக் கூப்பிட்டார்.

"ஈக்வேட்னா என்னம்மா?"

"வேற வேறயா இருக்கிற ரெண்டை, ரெண்டும் ஒண்ணுதான்னு வச்சுப் பார்க்கிறது சார். நிறைய பேரு பணம்னா அதான் சந்தோஷம்னு நினைக்கிறாங்கல்ல? அவங்க பணத்தையும் சந்தோஷத்தையும் ஈக்வேட் பண்றாங்க."

"அப்ப, பண்ணலைன்னா?"

"ஒண்ணா வச்சுப் பார்க்கலைன்னு அர்த்தம்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா! நம்ம பக்கத்துல அவன் நிக்க முடியுமாங்கறார்!"

"அப்படியும் இருக்கலாம் சார். அவங்க பக்கத்துல நாம நிக்க முடியுமான்னும் இருக்கலாம்."

"ரெண்டுல எது?"

"அதை அந்த வார்த்தை சொல்லாது சார். ரெண்டும் ஒண்ணில்லைங்கறதோட அது நிறுத்திக்கும். எது ஒசத்தின்னு அதுக்கே தெரியாது."

"இவ்ளோ தடிப் புஸ்தகத்துல அதைக்கூடவா போடல?" என்று முதலாளி அகராதியைத் தானே புரட்டிப் பார்த்தார். போடவில்லை.

மேனேஜர் நாற்காலியில் இருந்தது முதலாளியின் மனைவியுடைய தம்பி. எல்லோரும் அவரை மச்சான் என்றே கூப்பிடுவோம், முதலாளி உட்பட. மச்சானுக்குச் சந்தேகமே இல்லை. "இது திட்டுதான் அத்தான். பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? சுத்தி வளைச்சுப் பேசினாலே திட்டுதான்." முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. சந்தோஷத்தில் அன்று எல்லோருக்கும் அரை நாள் லீவு என்று அறிவித்தார். மச்சான் பின்னாலேயே வந்து, அவமானப்பட்டிருக்கிற நேரத்தில் லீவு கிடையாது, எல்லா மெத்தையையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும் என்றார். முதலாளி சொன்னது காதில் விழுந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மச்சான் சொன்னது காதில் விழுந்தவர்கள் நூலைப் பிரித்தோம். என் காதைச் சொல்ல வேண்டும்.

கோட்டுக்காரரையே கேட்டுவிடலாமே என்றால், அதற்கு முதலாளி ஒப்பவில்லை. "சேம் டு யூன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே! இப்பப் போய் அர்த்தம் கேட்டா என்ன நினைப்பாரு?"

அதற்குள் அந்த வார்த்தை கம்பெனிக்குள் இறங்கிவிட்டது. ஈக்வேட் பண்ணு, ஈக்வேட் பண்ணிட்டியா, சாயங்காலத்துக்குள்ள ஈக்வேட் பண்ணி வை. துணி மடிப்பதிலிருந்து தரை பெருக்குவது வரை எல்லாம் ஈக்வேட்தான். மச்சான் எதிர்த்தெருவில் ஆள் விட்டு ஒரு மெத்தை வாங்கிவரச் செய்து, மரப்பெட்டி அடிக்கிற தச்சரிடம், "நம்மளதையும் இதையும் ஈக்வேட் பண்ணு" என்றார். தச்சர் இரண்டையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். எங்களுடையது மூன்று விரற்கடை உயரம். ரம்பத்தை எடுத்து, மேலாக அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

அகராதி ஓடிவந்தாள். "ஐயோ, நிறுத்துங்க! ஈக்வேட் பண்றது மனசுக்குள்ள நடக்கிற வேலைங்க. அதுக்கு ரம்பம் எதுக்கு? நீங்க ஒண்ணுன்னு நினைச்சாப் போதும், அது ரெண்டும் கிடக்கிறபடி கிடக்கும்."

"மனசுக்குள்ள பண்ணினா கூலி குடுப்பாங்களாம்மா?" என்றார் தச்சர். பாதி மெத்தை அதற்குள் ஸ்பிரிங்கோடு எழுந்து நின்றது.

அறுபட்ட மெத்தையைப் பார்த்து முதலாளி கொதித்துப்போனார். "மச்சான்! உன்னைப் போய் என்னோட ஈக்வேட் பண்ணி வச்சிருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கத்தினார். மச்சான் கண் கலங்கிவிட்டார். வசவு அவர் காதில் ஏறவே இல்லை. இத்தனை நாளாக அத்தான் அவரைத் தனக்குச் சமமாக வைத்திருந்தாரா! மறுநாள் காலையில் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இவனை இங்கேருந்து எப்படிம்மா எழுப்பறது?" என்று முதலாளி அகராதியிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இனிமே ஈக்வேட் பண்ணலைன்னு சொல்லிடுங்க சார். அவ்வளவுதான்."

"சொல்லிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது? இவன் அக்கா கதவைத் திறப்பாளா?"

அதனால் அந்த அறையில் கொஞ்ச காலம் இரண்டு முதலாளிகள் இருந்தார்கள். போன் அடித்தால் இருவருடைய கையும் ஒரே நேரத்தில் போகும். ஒரே மேஜையில் இடித்துக்கொண்டு இருவரும் கையெழுத்துப் போட்டதில் மை சிந்தாத காகிதமே கிடையாது.

அகராதி இளைத்துப்போனாள். தன்னால்தான் இவ்வளவும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முதல் நாளே "பாராட்டுதான் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் அது நிஜமா என்று தெரியாதே! வீட்டில் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அவள் புருஷன் அதிசயமாக வாயைத் திறந்தார்.

"சொன்ன ஆளு உசிரோடதானே இருக்காரு?"

"இருக்காரு."

"அப்ப அவரைக் கேளேன்."

மறுநாள் அவள் இரண்டு முதலாளிகளையும் கேட்காமல் அவர்கள் எதிரிலேயே போனை எடுத்தாள். நாங்கள் தையல் மெஷின்களை நிறுத்திவிட்டோம். அவள் ஆங்கிலத்தில் பேசினாள், கேட்டாள், நடுவில் ஒருமுறை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அந்தப் பக்கத்துச் சிரிப்பு எங்களுக்கே கேட்டது. பேசி முடித்துக் கீழே வைத்தாள்.

"அவருக்கு மெத்தைக் கடை இல்லை சார். சினிமாவுக்கு ஆள் அனுப்பறவராம். மாடியிலேருந்து குதிக்கிறவங்க, ஓடற வண்டியிலேருந்து விழறவங்க. எதிர்த்தெரு மெத்தை தூங்கறதுக்கு நல்லதாம். நம்மளதுல யாராலயும் தூங்க முடியாதாம். ஆனா விழுந்தா எலும்பு உடையாதாம். அதனால ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பார்க்கலைன்னு சொன்னாராம். ஒரு கப்பல் நிறைய வேணுமாம்."

"இது பாராட்டா, திட்டா?" என்று கேட்டார் மச்சான்.

"ஆர்டர்" என்றார் முதலாளி.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மெத்தை அனுப்புவதற்கு முன்னால் கம்பெனி ஆள் ஒருவர் பரணிலிருந்து அதன்மேல் குதித்துப் பார்த்து, எப்படி இருந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் சரக்குப் பரண் ஒன்றரை ஆள் உயரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினோம்.

முதலாளிக்கு வாய்ப்பு வந்தது. "இது முதலாளி செய்ய வேண்டிய வேலை மச்சான். எனக்கு முட்டி வலி. நீயும் நானும் ஒண்ணுதானே, ஏறு."

மச்சான் பரணைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "நான் எப்படி அத்தான் உங்களுக்குச் சமமாவேன்? உங்க அனுபவம் என்ன, என் வயசென்ன!" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அகராதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். வேண்டாம் வேண்டாம் என்று முதலாளி கத்தினார். அவள் விளிம்பில் நின்று கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். மெத்தை அவளை முழுசாக விழுங்கிவிட்டது. நாங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். தலை கலைந்து, மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறி, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அடி பட்டுதாம்மா?"

"இல்ல சார்." கொஞ்சம் யோசித்தாள். "இன்னொரு தடவை குதிச்சாத்தான் சரியா சொல்ல முடியும்."

அன்று மூன்று தடவை குதித்தாள். அதற்குப் பிறகு அதுவே அவள் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. தபால் அடிப்பாள், குதிப்பாள், குதித்தது எப்படி இருந்தது என்று அடிப்பாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவள் புருஷன் சீப்பைக் காதில் செருகிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவார்.

தலை நரைத்த பிறகு ஒரு டாக்டர் அவள் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே குதிக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"குதிக்கக் கூடாது, சரிங்க டாக்டர். விழலாமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அவள் கும்பிட்டு எழுந்து வந்துவிட்டாள். இப்போதெல்லாம் பரண் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, மெதுவாகச் சரிந்து விழுகிறாள். கீழே நாங்கள் இரண்டு பேர் நிற்கிறோம், கண்ணாடியைப் பிடிப்பதற்கு.