பரவாயில்லை என்ற பதில்

பல வருடமாக எனக்கு முதுகு நோகிறது. வலி கிளினிக்கில், "நோவு கூடினால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று உளவியலாளர் கேட்டார்.

"ஒருவருக்கும் சொல்லமாட்டேன்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

சின்ன வயதில் அழுதும் யாரும் தூக்காத பிள்ளைகள், வளர்ந்தபின் உதவி கேட்கமாட்டார்கள், அதனால் சிகிச்சையும் சரியாகக் கிடைக்காது என்றார் அவர். நான் இதைப்பற்றிப் புத்தகங்களே படித்தவன், ஞானியைப்போலத் தலையாட்டினேன்.

அடுத்த அறையில் டாக்டர், "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

"பரவாயில்லை."

அவர் நம்பி, அடுத்த சந்திப்பை வருகிற வருடத்துக்குத் தள்ளினார்.

லண்டன் ஓரத்தில் வீடு இருக்கும் இல்ஃபோர்டுக்குத் திரும்பும் ரயிலில், நோவில் இருக்க ஏலாமல் நின்றேன். கூட வந்த மனைவிக்குப் பக்கத்து சீட் காலி.

"நோகுதோ அப்பா?" என்றாள் என்னைப் பார்த்து.

"இல்லை, வெளியில பாக்கிறன்."

"சுரங்கத்துக்குள்ள என்னத்தைப் பாக்கிறியள்?" என்றவள், வேறு ஒருவரும் வந்து இருக்காதபடி காலி சீட்டில் தன் கைப்பையை வைத்தாள்.