மிச்சத் தாரில் ஒரு சரிவு

செவ்வாய்க்கிழமை காலை புரோத்ராபூர் ரோடு இலாகா ஸ்டோர் வாசலில் ஆஜர் எடுத்தார்கள். மாசிலாமணி அண்ணன் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. ரோடு போடும் எங்கள் கூட்டத்துக்கு மேஸ்திரி அவர்தான். எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவர். அப்போது டவுன் பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டர் கத்தினார்: "அரே, உங்க மேஸ்திரி வளைவுல கெடக்காரு. சைக்கிளோட. கதம் ஹோ கயா, ஆளு முடிஞ்சுட்டாரு." டீ கிளாஸைக் கீழே வைக்கவும் தோன்றாமல் ஓடினேன்.

அவரோடு பதினோரு வருஷம் தார் சுமந்தவள் நான். இரங்கல் கூட்டத்தில் எனக்குப் பேச வாய் வரவில்லை. அவரைத் தெரிந்த உங்களுக்கு, தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன்.

பழைய தார்மேலேயே புதுத் தார் போடுவோம். ரோடு ஏறிக்கொண்டே போகும். ஓரத்து மண் அங்கேயே கிடக்கும். அண்ணன் ரோட்டு விளிம்பில் குந்தி, கையை விரித்து ஆழம் அளப்பார். "ஒரு சாண், தங்கச்சி. பஸ்ஸுக்கு ரோடு போட்டுட்டு, நடக்கிறவனுக்குப் பள்ளம் வெட்டிக் குடுத்திருக்கோம்."

அதனால் சாயங்காலம் லாரியில் மிஞ்சும் கலவையை ஓரத்தில் கொட்டச் சொல்லுவார். திமிசுக்கட்டையால் இடித்துச் சரிவு ஆக்குவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் சறுக்கி இறங்குவார்கள். "மணி அடிச்சிட்டு எறங்குங்க மகாராணி" என்பார்.

ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு எஞ்சினியரிடம் போனார். "சாப், ஓரத்துல மண்ணு ரொப்புறதையும் ஒரு வெள்ளைக் கோடு போடுறதையும் இந்த மராமத்து எஸ்டிமேட்லயே சேத்துருங்க. ரோலரும் நிக்குது, ஆளும் நிக்குது."

"அது சேஃப்டி வேலை. தனி ஃபண்டு. இந்தத் தீவுல முடியாது, மெயின்லேண்டுல மஞ்சூர் ஆகி உத்தரவு வரணும்."

"ரோட்டுல நடக்கிறது ரோடு வேலை இல்லையா சாப்?"

"நீ மேஸ்திரியா, எஞ்சினியரா?" என்றார். அறையே சிரித்தது. வெளியே வந்து அண்ணன் சொன்னார்: "நம்ம காலு வேற ஃபைல்ல இருக்காம் தங்கச்சி."

அடுத்த வாரமே உத்தரவு வந்தது: மிச்சக் கலவை ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் அவர் மசியவில்லை. மசிந்தவள் நான். இப்போது அவர் விழுந்த அந்த வளைவில் தார் போட்ட அன்று, அவர் மகளைப் பார்க்க பாராடாங் போயிருந்தார். கால் லாரிக் கலவை மிஞ்சியது. "வாபஸ் லே ஜாவ்" என்றார் சூப்பர்வைசர். தினக்கூலி வேலை போய்விடும் என்று பயந்து திருப்பி அனுப்பிவிட்டேன். அது ஸ்டோருக்குப் பின்னால் கல்லாகக் கிடக்கிறது. திரும்பி வந்த அண்ணன் குந்தி அளந்தார். என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்.

செவ்வாயன்று பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கியிருக்கிறார். சைக்கிள் சக்கரம் அந்த ஒரு சாண் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் மாலை போட்ட எஞ்சினியர், "ரோட்டுக்காகவே வாழ்ந்தார்" என்றார். அவர் போன இரண்டாம் நாள் அந்த வளைவில் 'மெதுவாகச் செல்லவும்' என்று போர்டு நட்டார்கள். அதற்கு மட்டும் மராமத்துப் பணம் போதும்போல. நட்டதும் ஆட்கள் நடக்கிற இடத்தில். இப்போது எல்லோரும் போர்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் ஏறி நடக்கிறார்கள்.

அவருடைய திமிசுக்கட்டை என்னிடம் இருக்கிறது. ஸ்டோரில் கேட்டார்கள்; கொடுக்கவில்லை. நேற்று டெய்ரி ஃபார்ம் பக்கம் வேலை. லாரியில் மிச்சம் இருந்தது. "வாபஸ்" என்றார் சூப்பர்வைசர். "எறக்கு" என்றேன் நான். இதைப் படிக்கிறவர்கள் எஞ்சினியரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளட்டும்.

கொட்டும் முன்னால் குந்தி, கையை விரித்து அளந்தேன். என் சாண் அவர் சாணைவிடச் சின்னது. எனக்குப் பள்ளம் இன்னும் ஆழமாகத்தான் இருந்தது.